மணல் வளவில் ஓடிய கொம்பியூட்டர்

என் மச்சான் காலிதீன் கொம்பியூட்டரோடு கதைக்கிற மனிதர். 1984ஆம் ஆண்டு கல்முனைக் கடைத்தெருவில் நின்று இப்படி ஒரு வார்த்தையைச் சொன்னால் சனம் நம்மை ஏற இறங்கப் பார்க்கும். அதற்கும் முன்னால், என் தங்கச்சி ஸம்ஸியாவை அவருக்கு முடித்துக் கொடுத்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "சவூதியில கந்தோர் உத்தியோகம்" என்று சொல்லித் தப்பினேன். வேறு என்ன சொல்வது? நான் இரும்புக்கடை வைத்திருக்கிறவன். பிணைச்சல் என்றால் பிணைச்சல், பூட்டு என்றால் பூட்டு. கையில் எடுத்துக் காட்டலாம். இவருடைய தொழிலை எதில் வைத்துக் காட்டுவது?

மச்சான் பாலமுனைப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரர். கொழும்புக்குப் போய் ஒரு கொம்பனியில் அட்டைகளில் துளை போடுகிற வேலையில் சேர்ந்தார். மற்றவர்கள் துளையைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்களாம். இவர் அந்தத் துளையை மிசின் எப்படி வாசிக்கிறது என்று கேட்டுக்கொண்டு நிற்பாராம். கேட்டுக் கேட்டே அதன் பாஷையைப் படித்துவிட்டார். பிறகு சவூதியில் தம்மாம். அங்கே பெரிய கணக்குகளைச் செய்கிற பாஷை ஒன்று. எந்தக் கணக்கை முதலில் ஓட்டுவது, எது முடிந்தால் எதைத் தொடங்குவது, நடுவில் பிழைத்தால் என்ன செய்வது என்று மிசினை மேய்க்கிற சின்னப் பாஷை இன்னொன்று. மச்சானுக்கு அந்த மேய்க்கிற பாஷைதான் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு விளங்கட்டும் என்று நான் அதற்குக் கங்காணிப் பாஷை என்று பெயர் வைத்தேன்.

"மச்சான், எங்கட மனேசருக்கே இவ்வளவு வடிவாச் சொல்லத் தெரியாது," என்று சிரித்தார் அவர்.

1984 தைக் கடைசியில் ஊருக்கு வந்தவர், மற்ற வெளிநாட்டுக்காரர்களைப் போலக் கசெட் ரேடியோ, பால்மா, சேலை எல்லாம் கொண்டுவந்தார்; கூடவே தலையணை மொத்தத்தில் ஒரு கட்டுக் கடதாசியும். அவருடைய கொம்பனி பழைய கங்காணிப் பாஷையை விட்டுப் புதியது ஒன்றுக்கு மாறுகிறதாம். புதியதன் பெயர் ரெக்ஸ். திரும்பிப் போனவுடன் சோதனை. பாஸானால் இன்னும் இரண்டு வருசத்துக்கு வேலை. பெயிலானால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் தங்கச்சியின் பாட்டையும் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்து ஆறு வருசம். சேர்ந்திருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு போகம் விதைத்து வெட்டுகிற காலம்தான் தேறும். பிள்ளை இல்லை. ஊர்ப் பெண்களின் வாய் சும்மா இருக்குமா? கேட்கிற இடத்தில் கேட்டு, குத்துகிற இடத்தில் குத்தினார்கள். அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மனிதனோடு ஒரே வீட்டில் சோறு தின்று கிழவியாக ஆசைப்பட்டாள். மச்சான் பாஸானால் அவள் மறுபடி தனி. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவர் போல இருந்தவர் மச்சான் ஒருவர்தான்.

எனக்கோ கோபம் வர இரண்டு வாசல் திறந்திருந்தது. அவர் போனால் தங்கச்சிக்காகக் கோபம், போகாவிட்டால் அந்த அருமையான வேலைக்காகக் கோபம்.

மிசின் இல்லாமல் மிசின் பாஷையை எப்படிப் படிப்பது? அம்பாறை மாவட்டத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும் அப்படி ஒரு சாமான் அகப்படாது. மச்சான் கிணற்றடி முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டு அந்தக் கடதாசிக் கட்டை வாசித்தார். வாசிக்கிறாரா, கனவு காண்கிறாரா என்று சொல்ல முடியாது. கண் திறந்திருக்கும், உதடு அசையும், தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருக்கும். கடல்காற்று தாளைப் புரட்டிவிட்டால் அவர் திருப்பிப் புரட்ட மாட்டார். காற்று காட்டின பக்கத்தையே வாசிப்பார். முருங்கைப் பூ தலையில் விழுந்து கிடக்கும். கூப்பிட்டால் எங்கேயோ தூரத்தில் இருந்து வருகிறவர் போல மெதுவாக நிமிர்ந்து பார்ப்பார்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் கரைப்பக்கம் வீட்டு முற்றம், வளவு எல்லாம் கடல் மணல். காலையில் கூட்டிவிட்டால் பாய் விரித்தது போலக் கிடக்கும். அந்த மணலில் மச்சான் கம்பால் வரிவரியாக இங்கிலீசு எழுதியிருந்தார். பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டைகள். ஒவ்வொரு சிரட்டையிலும் கரியால் ஒரு பெயர். என் தங்கச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாகக் காலடி வைத்து இறங்கி வருகிறாள். ஒரு வரியில் நிற்கிறாள், குனிந்து வாசிக்கிறாள், ஒரு சிரட்டைக்குள் இரண்டு புளியங்கொட்டையைப் போடுகிறாள். அடுத்த வரி. அங்கே நின்று இன்னொரு சிரட்டையைக் கவிழ்க்கிறாள். சொல்லுங்கள், இது குடும்பம் நடத்துகிறவர்கள் செய்கிற வேலையா?

"என்னகா புள்ள இது? பேய் புடிச்ச மாதிரி!"

அண்ணன் வந்தால் "காக்கா" என்று ஓடி வருகிறவள், என் பக்கம் திரும்பவே இல்லை.

"கதைக்காதீங்க மச்சான்," என்றார் காலிதீன் மெல்லிய குரலில். "மிசின் ஓடுது."

ஸம்ஸியா பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்தப் பாஷையில் வருகிற சின்னச் சின்ன இங்கிலீசுச் சொற்களை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். எந்தச் சொல்லுக்கு என்ன செய்வது என்று மச்சான் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார். அதன்பிறகு அவள்தான் மிசின். எழுதியதை எழுதியபடி செய்ய வேண்டும். விளங்காவிட்டால் அந்த வரியிலேயே நின்று "பிழை" என்று சொல்ல வேண்டும். ஏன் பிழை என்று சொல்லக் கூடாது. இதைத்தான் எழுத நினைத்திருப்பார் என்று ஊகித்துச் செய்யவும் கூடாது.

"புருசன்ட மனசில என்ன இருக்கெண்டு பார்த்து நடக்கிறவ பொண்டாட்டி," என்றாள், ஓடி முடிந்து தண்ணீர் குடிக்க வந்தபோது. "மிசின் அப்பிடி நடக்கப்படா காக்கா. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி நிக்கணும். அதுதான் கஸ்டம்."

மிசின் அடிக்கடி நின்றது. பழைய பாஷையில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வளைந்த குறி போட வேண்டுமாம். ஸம்ஸியா அதைத் தூண்டில் என்றாள். பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. புதிய பாஷைக்குத் தூண்டில் தேவையில்லை; அந்த இடத்தில் கண்டால் ஓடாது. மச்சானுடைய கைக்கு இது ஏறவே இல்லை. சொல்லை எழுதுவதற்கு முன்னால் கம்பு தானாக ஒரு தூண்டிலைப் போட்டுவிடும்.

"இந்தா வந்திட்டு உங்கட தூண்டில். பிழை," என்பாள் ஸம்ஸியா. மச்சான் ஓடிவந்து காலால் அழிப்பார். இரண்டு வரி போகும். "இந்தா இன்னொண்டு. கடலுக்குப் போகாத மனிசனுக்கு எதுக்கு இவ்வளவு தூண்டில்?"

தூண்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. அவர் எதையும் பழைய பாஷையில் நினைத்து, பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் புதிய சொல்லை நட்டார். நட்டது வேர் பிடிக்கவில்லை. பழைய பாஷையில் குறுக்கே பாய்ந்து போகிற இடங்களில் புதியது ஒழுங்காகச் சுற்றி வரச் சொல்லுமாம். இவர் பாய்ந்து பாய்ந்து ஸம்ஸியாவைக் கிணற்றடிக்கும் வேலிக்கும் அலைய வைத்தார். ஒருநாள் கம்பை எறிந்துவிட்டு மணலில் குந்திவிட்டார்.

"ஒண்டும் தெரியாதவன் எண்டா இதுக்குள்ள படிச்சிருப்பான் மச்சான். எனக்கு ஒண்டு தெரியும். அதுதான் குறுக்க நிக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தொழப் போன நேரம் பார்த்துத் தங்கச்சியைப் பிடித்தேன்.

"உனக்கு விசரா புள்ள? பாஸானா அவர் போயிருவார். உன்ட புருசன அனுப்புறதுக்கு நீயே கால் தேய நடக்கிறியே!"

அவள் சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"அவருக்கு அதில ஆசை காக்கா. சும்மா ஆசையில்ல, சோறு தண்ணி மறந்த ஆசை. அதக் கெடுத்துப் புடிச்சு வச்ச மனிசன் வீட்டுல இருந்தென்ன, இல்லாட்டி என்ன?"

"அப்ப உன்ட ஆசை?"

"அது இருக்கு," என்றாள். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் சத்தம் போடுவேன். வேலியோரம் நின்ற யாரோ வீட்டு ஆட்டைச் சத்தம் போட்டுத் துரத்திவிட்டுக் கடைக்குப் போனேன்.

மாசியில் நற்பிட்டிமுனை வயலில் சூடடிப்பு வந்தது. மச்சானையும் கூட்டிக்கொண்டு விடிய வெள்ளென போனேன். இரண்டு நாளைக்காவது கம்பும் சிரட்டையும் இல்லாமல் இருக்கட்டும் என்று எண்ணம். வயல் முழுக்கப் புகை போலப் பனிப் புகார். வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. களத்தில் வெட்டின வேளாண்மைக் கதிரைப் பரப்பி, காரைதீவுக் கனகசிங்கம் தன் ட்ரெக்டரை அதன் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். புகாருக்குள் ட்ரெக்டர் தெரியாது. சத்தம் மட்டும் வட்டமாகச் சுற்றும்.

களத்துக்குள் கால் வைத்தால் பேச்சு மாறும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம், தமிழர் எல்லாருக்கும் இது பொது. நெல் என்ற சொல்லை அங்கே வாயால் எடுக்கக் கூடாது; பொலி என்று சொல்ல வேண்டும். அளக்கிற மரைக்காலுக்குக் கணக்கன் என்று பெயர். சூடு மிதிக்கிற மாட்டுக்கு வாரிக்காலன். சரியான பெயரைச் சொன்னால் கண்ணுக்குத் தெரியாததுகள் கேட்டு வந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று ஒரு பயம். நாங்கள் பிஸ்மி சொல்லித்தான் தொடங்குவோம். ஆனாலும் நெல் என்று சொல்ல மாட்டோம்.

மச்சான் களத்தின் நடுவில் நின்று, நல்ல உரத்த குரலில் கேட்டார்: "இந்த முறை எவ்வளவு நெல்லு வரும் மச்சான்?"

கனகசிங்கம் ட்ரெக்டரை நிற்பாட்டிவிட்டார். வேலைக்காரர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"வாய மூடுங்க மச்சான்! களத்துக்க நிண்டு என்ன கதை கதைக்கிறீங்க?"

"அல்லாஹ்வே, மறந்துட்டன். பொலி, பொலி. நெல்லு எண்டா பொலி, மரைக்கால் எண்டா..."

"திரும்பவும் சொல்றீங்களே! ஒவ்வொண்டா வீட்டுப் பேச்சில நினைச்சுப்போட்டு மாத்த வெளிக்கிட்டா நெல்லுத்தான் முதல்ல வாயில வரும். களத்துக்க நிண்டா களத்துப் பேச்சிலயே நினைங்களன்!"

கோபத்தில் கத்தினேன், அவ்வளவுதான். அதில் ஞானம் ஒன்றும் இல்லை. ஆனால் மச்சான் அப்படியே நின்றுவிட்டார். புகார் அவருடைய இடுப்பு வரை வந்து போனது. உதடு அசையத் தொடங்கியது. சரி, தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"தள்ளி நில்லுங்க! வாரிக்காலன் வாறான்!" என்று கனகசிங்கம் சத்தம் போட்டார். ட்ரெக்டர் உறுமிக்கொண்டு புகாரைக் கிழித்து வந்தது.

"ட்ரெக்டரையா வாரிக்காலன் எண்டுறீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? பேர் பழசு, உள்ளுக்கு ஆள் மாறிட்டான்," என்றார் கனகசிங்கம்.

மச்சான் வைக்கோலில் விழுந்து விழுந்து சிரித்தார். இதில் என்ன சிரிப்பு என்று இன்றுவரைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் "பேர் பழசு, ஆள் புதுசு" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு தூண்டில்கள் குறைந்தன. ஒருநாள் மேல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஸம்ஸியா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. காற்றில் நடக்கிறவள் போல இறங்கி வந்தாள். கடைசி வரியில் நின்று "முடிஞ்சு" என்றபோது மச்சானின் கண் கலங்கிப் போயிருந்தது. முந்தின நாள் இரவு அவருக்கு அந்தப் பாஷையிலேயே கனவு வந்ததாம். கனவில் கடல் வரிவரியாகக் கரைக்கு வந்ததாம். ஒவ்வொரு வரியும் விளங்கியதாம். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டிருந்தேன். எனக்குக் கனவில் வருவது கடை திறக்கப் பிந்திப் போவது மட்டும்தான்.

அந்தப் பின்னேரங்கள் எனக்கும் பழகிவிட்டன, மறைப்பானேன். அஸர் தொழுதால் கால் தானாக அந்த வளவுக்குத்தான் போகும். வெயில் மஞ்சளாகி மணலில் சாயும். எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் நிற்கும். அலைச்சத்தம், தென்னோலைச் சத்தம், நடுவில் தங்கச்சியின் காலடி. நான் கதிரையில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் கிடப்பேன். காலையில் அவள் முற்றம் கூட்டினால் எல்லாம் போய்விடும். மச்சான் எழும்பி வந்து கடைசியாக ஒருமுறை வாசிக்கும் வரை விளக்குமாற்றைத் தொட மாட்டாள்.

ஒரு பின்னேரம் அவள் ஒரு வரியில் நின்றாள்.

"இந்தப் பேருக்குச் சிரட்டை இல்ல. பிழையா?"

மச்சான் கடதாசிக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இல்ல புள்ள. ஆரும் ஒண்டும் குடுக்காத பேருக்கு இந்தப் பாஷையில அந்தப் பேர்தான் பொருள். தன்னைத் தானே சொல்லிக்கொண்டு நிக்கும்."

"வெறுமையாப் போகாதா?"

"போகாது."

அவள் கொஞ்ச நேரம் அந்தப் பெயரின் பக்கத்திலேயே நின்றாள்.

"நல்ல பாஷை," என்றாள். "இஞ்ச எனக்குக் காலிதீன்ட பொண்டாட்டி எண்டுதான் பேர். காலிதீன் இல்லாத நாளையில நான் ஆரெண்டு எத்தினை தரம் யோசிச்சிருக்கன்."

மச்சான் கம்பின் நுனியால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

பயணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, சோதனையில் வரக்கூடும் என்று ஒன்றை எழுதினார். அது ஒரு வட்டம். தொடக்கத்தில் எழுதியிருந்ததற்கு "எந்நாளும் செய்துகொண்டே இரு" என்று அர்த்தமாம். மேலிருந்து கீழே வர வேண்டும். கடைசி வரி வந்ததும் திரும்ப மேலே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மிசின் ஒரு பெயர் கேட்கும். பெயர் சொல்ல என்னைக் கதிரையில் இருத்தினார். நான் சொன்னால் சிரட்டைக்குள் ஒரு புளியங்கொட்டை. சொல்லாமல் இருந்தால் மிசின் லீவ் என்ற வரிக்குப் போக வேண்டும்.

ஸம்ஸியா சுற்றத் தொடங்கினாள். "பேர்?" என்று நிற்பாள். அதாவுல்லா என்றேன். கொட்டை விழுந்தது. கீழே போனாள், மேலே வந்தாள். "பேர்?" சுபைறா என்றேன். கடைக்கு வருகிறவர்கள், கூடப் படித்தவர்கள், மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் என்று வாயில் வந்த பெயரையெல்லாம் சொன்னேன். கேட்கிறவளுக்கும் அலுக்கவில்லை, சொல்கிறவனுக்கும் அலுக்கவில்லை. அவள் நடந்த இடம் மணலில் ஒற்றையடிப் பாதையாகிவிட்டது. வெயில் இறங்கி அவளுடைய நிழல் வேலியைத் தாண்டிப் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன், பெயர் சொல்ல மறந்துபோனேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு லீவ் என்ற வரிக்குப் போய்க் குனிந்து வாசித்தாள். வாசித்துவிட்டு நேரே வீட்டைப் பார்த்து நடந்து, வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எங்க புள்ள போற?" என்றார் மச்சான்.

"லீவெண்டு எழுதியிருக்கு. லீவெண்டா வீட்ட வாறதுதானே?"

நான் கதிரை ஆட ஆடச் சிரித்தேன். எங்கள் கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஏது? "மச்சான் லீவுல வாறாராம்" என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், சேவல் வளர்ப்பார்கள். மச்சானும் சிரித்துக்கொண்டே எழும்பி வந்தார்.

"அது நம்மட லீவு. இது இங்கிலீசு. விட்டுட்டுப் போறது. வட்டத்த விட்டு வெளிய போய், கீழ இருக்கிற வரியில நிக்கணும்."

"மறுகா எப்ப வட்டத்துக்குத் திரும்புறது?"

"திரும்புறதில்ல. லீவெண்டா அதோட முடிஞ்சு. அந்த வட்டத்துக்க இனிப் போறதில்ல."

அவள் காலில் ஒட்டின மணலைத் தட்டினாள். நிதானமாகத்தான் தட்டினாள்.

"அப்ப நீங்க இஞ்ச வாறது லீவில்லயே," என்றாள். "ரெண்டு வருசம் அங்க, ரெண்டு மாசம் இஞ்ச, திரும்ப மேல. அது வட்டத்துக்க ஒரு வரி. உங்களுக்கு லீவே எழுதல்ல."

நான் கதிரையை விட்டு எழும்பினேன். மச்சான் கையில் கம்போடு அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். நான்தான் அவருடைய தோளைத் தொட்டுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் பகல் நானும் அங்கே சாப்பிட்டேன். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். திடீரென்று, "நான் போகல்ல," என்றார்.

எனக்குக் கோபத்தின் இரண்டு வாசலும் ஒன்றாகத் திறந்தன. எதால் வெளியே வருவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி இருந்தேன். ஸம்ஸியா ஆணத்தை அள்ளி அவருடைய சோற்றில் ஊற்றினாள்.

"போங்க. போய்ச் சோதனைய எழுதுங்க. எழுதாம நிண்டா, ஏலாம நிண்டவன் எண்டு உங்கட மனசே உங்களக் குத்தும். மறுகா அந்தக் குத்து எனக்குத்தான் விழும். நான் கால் தேய நடந்தது நீங்க பெயிலாகவா?"

"பாஸானா?"

"அது நீங்க எழுதுற வரி. நான் மிசின். எழுதினதத்தான் செய்வன்."

பங்குனிக் கடைசியில் அவர் போனார். நான் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அவள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். எனக்கு மச்சான் மேலும் கோபம், அந்த ரெக்ஸ் மேலும் கோபம், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லா நாட்டின் மேலும் கோபம்.

நோன்புக்குக் கொஞ்ச நாள் இருந்தது. காலையில் கடைக் கதவைத் திறக்கிறேன், மச்சான் பெட்டியோடு நிற்கிறார். கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கிய முகம், தூக்கம் இல்லாத கண்.

"யா அல்லாஹ்! பெயிலா மச்சான்?"

"பாஸ் மச்சான். நல்ல பாஸ். தூண்டில் ஒண்டுகூடப் போடல்ல."

"பிறகு ஏன் வந்து நிக்கிறீங்க?"

"கையெழுத்துப் போடச் சொல்லிக் கடதாசியத் தந்தாங்க. ரெண்டு வருசம் எண்டு இருந்திச்சு. பார்த்துக்கொண்டே இருந்தன். திரும்ப முதலாவது வரிக்குப் போ எண்டு எழுதின மாதிரி இருந்திச்சு. ஏலாதெண்டு சொல்லிட்டன்."

வந்த சீதேவியைக் காலால் தள்ளுகிறதா? இந்த ஊரில் அந்தப் பாஷையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்? சிரட்டைக்கா சொல்லிக் கொடுக்கப் போகிறீர்? கேட்க எனக்கு நூறு கேள்வி வந்தது. கடையைப் பூட்டிவிட்டுப் பெட்டியை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு கடை முதலாளி தலையில் பெட்டியோடு போகிறான், பார்க்கிறவன் பார்க்கட்டும்.

ஸம்ஸியா கிணற்றடியில் நின்றாள். அவரைக் கண்டதும் வாளிக் கயிறு கைவிட்டுப் போய், வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. முக்காட்டை இழுத்துவிட்டு, பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"லீவா?" என்றாள். குரலில் ஒரு சந்தோசமும் இல்லை. பயந்துதான் கேட்டாள்.

"ஓம் புள்ள, லீவ்," என்றார் மச்சான். "அந்தப் பாஷையில."

அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பயணத்திலும் ஒரு தடவைகூட அழாதவள், அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், இதில் வெட்கம் என்ன. மச்சான் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் கிணற்றுக்குள் எட்டி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டுக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வந்த மனிதனின் உடுப்பை யாரும் முழுதாக வெளியே எடுக்க மாட்டார்கள். உடுத்துகிறதை எடுத்து உடுத்து, கழுவி, திரும்பப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைப்பார்கள். பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடக்கும், எந்த நேரமும் புறப்படத் தயாராக. ஸம்ஸியா முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை உள்ளே இழுத்துப் போனாள். திறந்து, பாயில் அப்படியே கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு சட்டை மிச்சமில்லாமல் அலுமாரியில் அடுக்கினாள். தன் சேலைகளை ஒரு பக்கம் ஒதுக்கி இடம் செய்தாள். பிறகு வெறும் பெட்டியை வெளியே கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"காக்கா, இதக் கொண்டு போங்க. பயணம் போற ஆருக்காவது குடுத்திருங்க."